‘வருவாரே’: போனவரைச் சொல்லும் கலை

ஆவடிப் பக்கம் சேக்காட்டில் ஒரு வீட்டில் சாவு என்றால் விடிவதற்குள் சுவர்களுக்குச் சேதி போய்விடும். திருவள்ளூர் நெடுஞ்சாலை ஓரத்துச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் கண்ணீர் அஞ்சலி ஏறியிருக்கும். நடுவில் இறந்தவரின் படம், பேத்தி கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்தது. கீழே இருக்கும் வாசகம் அநேகமாக ஒன்றுதான்: ஈடுசெய்ய முடியாத இழப்பு, மீளாத் துயரில் வாடும் குடும்பத்தார். எழுதியவர்கள் மனசாரத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தத் தெருவுக்குள் நுழைந்து, சாமியானாவுக்குக் கீழே தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் பக்கம் நின்று கேட்டால், அங்கே இழப்பு வேறு மாதிரிச் சொல்லப்படுவது தெரியும். ஈடு என்ற பேச்சும் இல்லை, மீள்வது என்ற பேச்சும் இல்லை. இறந்தவர் தினமும் என்ன செய்வார் என்பது மட்டும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். போனது திரும்பாது என்பதைச் சொல்ல, தமிழ் ஈராயிரம் வருடமாக ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழியின் அழகைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

‘ஈடுசெய்ய முடியாத’ என்பது பொய்யான சொல்லில்லை. அதற்கென்று ஒரு சொந்த இடம் உண்டு, அது நீதிமன்றம். பூந்தமல்லி நீதிமன்றத்தில் ஒருவர் தன் இடத்தில் அடுத்தவர் கட்டடம் கட்டுவதைத் தடுக்க இடைக்காலத் தடை கேட்டால், மூன்று விஷயங்களைக் காட்டியாக வேண்டும். முதல் பார்வையிலேயே வழக்கில் விஷயம் இருக்க வேண்டும். தடை கொடுப்பதால் வரும் சிரமத்தைவிடக் கொடுக்காததால் வரும் சிரமம் பெரிதாக இருக்க வேண்டும். மூன்றாவது, பின்னால் பணம் கொடுத்துச் சரிக்கட்ட முடியாத சேதம் நேரும் என்று காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் ‘இர்ரெப்பரபிள்’ என்று வக்கீல்கள் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இனி ஒட்டவே ஒட்டாது என்று உடைந்துபோன திருமணத்தை அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவின்கீழ் தானே முடித்துவைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே புழங்கியது ‘இர்ரிட்ரீவபிள்’. இந்த அடைமொழிகள் அளந்து தீர்ப்புச் சொல்வதற்காகப் பிறந்தவை. ஒரு பொருளைப் பார்த்து, இதை மீட்க முடியுமா முடியாதா என்று கேட்டு, முடியாது என்ற முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுபவை. சாவு வீட்டில் அந்த முடிவு ஏற்கெனவே தெரியும். அதை யாரும் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கே சொல்ல வேண்டியது, போனது எது என்பது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் காலமானார். டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆவடியைச் சுற்றி டேங்க் ஃபேக்டரி, ராணுவ உடை தைக்கும் ஓ.சி.எஃப். என்று அறுபதுகளில் வந்த தொழிற்சாலைகளை நம்பி எழுந்த குடியிருப்புகள் எத்தனையோ. அப்படி ஒரு வீடு. அவர் மனைவி முதலில் அழவே இல்லை. சுவரில் சாய்ந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருநின்றவூரிலிருந்து நாத்தனார் வந்து கட்டிப்பிடித்ததும் குரல் எழுந்தது. “ஏழு மணி சங்கு ஊதறதுக்குள்ள சைக்கிளைத் தொடச்சி வெப்பாரே... கேரியர்ல ரெண்டாவது அடுக்குல என்னா இருக்குன்னு தொறந்து பாத்துட்டுத்தான் கெளம்புவாரே... சம்பளம் வாங்குன அன்னிக்கு அல்வாப் பொட்டலத்த என் கையில குடுக்க மாட்டாரு, ஜன்னல்ல வெச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாரி நிப்பாரே...”

சைக்கிளுக்கும் கேரியருக்கும் அடங்கியிருந்த பெண்கள், அல்வாப் பொட்டலத்துக்கு உடைந்துபோனார்கள். ஏன் என்று யோசித்தால் இந்தக் கலையின் நுட்பம் பிடிபடும். சைக்கிளைத் துடைப்பதும் கேரியரைத் திறந்து பார்ப்பதும் அந்தக் குடியிருப்பில் எல்லா ஆண்களும் செய்தவை. கேட்டவர்கள் தங்கள் வீட்டு ஆளை அதில் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள். ஜன்னலில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்பது அந்த ஒரு மனிதர் மட்டும் செய்தது. அந்த நொடியில்தான் போனவர் யார் என்று கூட்டத்துக்குத் தெரிந்தது. பொதுவிலிருந்து தொடங்கித் தனிக்கு வந்து நிறுத்துவது நல்ல ஒப்பாரிக்காரியின் கைவரிசை. யாரும் அந்த அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சிறு வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்தது, வேண்டிய நாளில் வாயில் வந்தது.

அந்த மூன்று வாக்கியங்களின் வினைகளையும் பாருங்கள்: வெப்பாரே, கெளம்புவாரே, நிப்பாரே. பள்ளிக்கூடத்தில் இவற்றை எதிர்காலம் என்று படித்தோம். பேச்சில் இதே வடிவம்தான் வழக்கத்தையும் சொல்லும். ‘அப்பா ஆறு மணிக்கு வருவாரு’ என்றால் இன்று மாலை வரப்போகிறார் என்றும் பொருள், தினம் அந்த நேரத்துக்கு வருகிறவர் என்றும் பொருள், முன்பெல்லாம் அப்படி வந்துகொண்டிருந்தார் என்றும் பொருள். ஆள் உயிரோடு இருக்கும்வரை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், பிரித்துப் பார்க்கத் தேவையே வராது. நேற்று வந்தார், இன்று வருகிறார், நாளையும் வருவார். சாவு அந்தப் பின்னலிலிருந்து நாளையை மட்டும் உருவிக்கொண்டு போய்விடுகிறது. சொல்லின் உருவத்தில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. காது இன்னும் ‘வருவார்’ என்று கேட்கிறது; இனி இல்லை என்று புத்தி சொல்கிறது. அழுகை பிறப்பது அந்த இடைவெளியில்தான். கடைசியில் நீளும் ஏகாரம், மூச்சு உள்ளவரை அந்த இடைவெளியை மூடவிடாமல் பிடித்துவைக்கிறது.

இறந்தகாலம் ஒப்பாரியில் வராமல் இல்லை. ‘போயிட்டாரே’ என்று வரும். ஆனால் அது ஒரு முறை நடந்தது. சைக்கிள் துடைத்தது ஆயிரக்கணக்கான காலைகள். ஒரே ஒரு போனதுக்கு எதிரே அத்தனை வருவதையும் அடுக்கி வைத்தால், இழப்பு எவ்வளவு பெரியது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர் தாமே கூட்டிக்கொள்வார்.

இந்த இலக்கணத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை: ஔவையார். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி மார்பில் வேல் பாய்ந்து இறந்தபோது அவர் பாடியது புறநானூற்றில் 235ஆவது பாட்டு. இறந்தவருக்கு இரங்கும் கையறுநிலைப் பாட்டுகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது. வள்ளல், வீரன், மழவர் தலைவன் என்ற பெருமைகளைச் சொல்லி அது தொடங்கவில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான் என்று தொடங்குகிறது. நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாட மகிழ்ந்து தானும் சேர்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமானாலும் பல கலங்களில் பகிர்ந்துதான் உண்பான், நிறைய ஆனாலும் அப்படியே. எலும்போடு கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு. அம்போடு வேல் நுழையும் இடமெல்லாம் அவனுக்கு. ஏழாவதாக, நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான்.

இந்த ஏழையும் சேக்காட்டுப் பெரியம்மாவின் மூன்றோடு வைத்துப் பாருங்கள். கள்ளும் சோறும் கறியும் எல்லாப் பாணருக்கும் கிடைத்தவை. தலையைத் தடவியது தனக்குக் கிடைத்தது. அல்வாப் பொட்டலம் இருந்த இடத்தில் இங்கே இரண்டு வாசனைகள் இருக்கின்றன. மன்னன் கையில் நரந்த மணம், புலவர் தலையில் புலால் நாற்றம். ஊர் ஊராக அலைந்து, கிடைத்த இடத்தில் சமைத்துத் தின்று திரிந்த ஒரு பெண்ணின் தலையில், முகம் சுளிக்காமல் கைவைத்த அரசன் என்பது அந்த இரண்டு மணங்களுக்குள் இருக்கிறது. அன்பு, எளிமை என்ற சொற்கள் எதையும் ஔவை பயன்படுத்தவில்லை.

அந்த ஏழு கூற்றுகளும் ‘மன்னே’ என்று முடிகின்றன. அதற்கு முன்னால் வரும் வினைகளில் ஐந்து, ஈயும், உண்ணும், நிற்கும் என்பதுபோல் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டில் அமைந்தவை. இரண்டு, காலமே காட்டாத குறிப்புவினை. முடிந்துபோனதைக் காட்டும் வினை அந்த ஏழில் ஒன்றுகூடக் கிடையாது. அதியமான் இன்னும் கொடுத்துக்கொண்டும் குடித்துக்கொண்டும் தடவிக்கொண்டும் இருக்கிறான். பிறகு வேல் வருகிறது. அவன் மார்பில் பாய்ந்த வேல் அங்கேயே நிற்கவில்லை. பாணர்களின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்போர் கைகளைக் கடந்து, அவனை நம்பியிருந்தவர்களின் கண்மணியை ஒளி மழுங்கச் செய்து, கடைசியில் புலவர்களின் நாவில் போய் விழுகிறது. விழுந்தது என்ற இடத்தில் இறந்தகாலம் வருகிறது. பாட்டுக்குள் கடந்த காலத்தைக் கொண்டுவருவதே அந்த வேல்தான். அதற்குப் பின் ‘இனி’ என்று ஒரு சொல். இனிப் பாடுகிறவரும் இல்லை, பாடுகிறவருக்குக் கொடுக்கிறவரும் இல்லை.

வழக்கம், வெட்டு, இனி. இந்த மூன்று படிகளும் இன்றைய ஒப்பாரியிலும் அப்படியே இருக்கின்றன. ‘வருவாரே, கேப்பாரே’ என்று வழக்கம் அடுக்கப்படும். ‘போயிட்டாரே’ என்று ஒரு வெட்டு விழும். ‘இனிமே நான் யாரக் கேப்பேன்’ என்று முடியும். தெருவில் அழும் அந்த அம்மா புறநானூறு படித்தவர் இல்லை. புறநானூறுதான் அவரைப்போல அழுத பெண்களின் வாயிலிருந்து தன் இலக்கணத்தை எடுத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

‘மன்’ என்ற அந்தச் சிறு இடைச்சொல்லுக்கு இலக்கணக்காரர்கள் காட்டிய மரியாதையையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் இடையியலில் அதற்கு மூன்று பொருள் சொல்கிறது: கழிவு, ஆக்கம், ஒழியிசை. கழிவு என்றால் கழிந்துபோனது. ஒழியிசை என்றால் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேட்பவர் மனம் நிரப்பிக்கொள்வது. கழிவுக்கு உதாரணமாகச் சேனாவரையர் எடுத்துக்காட்டுவது ஔவையின் இந்தப் பாட்டைத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் மன்னுக்கு ஆறு பொருள் தருகிறார். அந்த ஆறில் கழிவும் இருக்கிறது, நிலைபேறும் இருக்கிறது. போனதும் அதே அசை, போகாமல் நிற்பதும் அதே அசை. என்றைக்குமாகப் போய்விட்ட ஒன்றில் நிலையாக இருப்பது அது போனது என்ற செய்திதான். இதை விளக்க மற்ற இடங்களில் ஒரு பத்தி வேண்டியிருக்கும். தமிழ் இலக்கணம் ஒரே சொல்லில் இரண்டையும் வைத்து, எந்த இடத்தில் எது என்று கேட்பவர் காதுக்கு விட்டுவிட்டது.

‘கையறுநிலை’ என்ற துறைப் பெயரே எவ்வளவு பொருத்தம் பாருங்கள். கையறுதல் என்றால் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போவது. துக்கம், கண்ணீர் என்று பெயர் வைக்காமல், கைக்கு வேலை இல்லாமல் போன நிலை என்று வைத்தார்கள். சாவு வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது உடம்பால் தெரியும். நேற்றுவரை மருந்து எடுத்துக் கொடுத்த கை, தண்ணீர் வைத்த கை, இன்று மடியில் கிடக்கிறது. தொல்காப்பியர் இதைக் காஞ்சித் திணையில் வைத்து, யார் யாரை இழந்தார் என்பதற்கு ஏற்பத் தனித்தனிப் பெயரும் கொடுத்தார். மனைவியை இழந்தவன் நிலை தபுதாரம், கணவனை இழந்தவள் நோற்கும் நிலை தாபதம், காட்டு வழியில் கணவனைப் பறிகொடுத்துத் தனித்து நிற்பவளின் புலம்பல் முதுபாலை, இருவரும் ஒன்றாக மாய்ந்ததைக் கண்டு இரங்குவது மூதானந்தம். எல்லா இழப்பும் ஒரே இழப்பு என்று நம் இலக்கணம் ஒருநாளும் சொல்லவில்லை.

புறநானூற்றின் மற்ற இழப்புப் பாட்டுகளின் செய்முறையும் ஔவையின் செய்முறைதான். ஒரு பொருளை எடுத்துக்கொள், முன்பு அதோடு என்ன செய்தோம் என்று சொல், இப்போது என்ன என்று சொல், நிறுத்திவிடு. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய 248ஆவது பாட்டில் அந்தப் பொருள் வெள்ளாம்பல். எங்கள் பக்கத்து ஏரிகளில் இன்றும் பார்க்கிற செடியினம். இளம்பெண்ணாக இருந்தபோது அதன் தழையை உடுத்தி மகிழ்ந்தேன், கணவன் போனபின் பொழுது மாறி உண்ணும் இந்த நாளில் அதன் அரிசியே எனக்கு உணவு என்கிறாள் அவள். அன்று உடையான அதே செடி இன்று கைம்மை நோன்பின் சோறு. நடுவில் ஒரு வாழ்க்கையே முடிந்திருக்கிறது. குடவாயிற் கீரத்தனாரின் 242இல் அது முல்லை. பெருஞ்சாத்தன் இறந்த ஒல்லையூர் நாட்டில், சூட இளைஞர் இல்லை, பறிக்கப் பெண்கள் இல்லை, நீயுமா பூத்தாய் என்று செடியைக் கேட்கிறார் புலவர். பாரியின் பெண்களுக்கு அது நிலா. போன மாதம் இதே நிலாவில் அப்பாவும் இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் இதே நிலாவில் மலையைப் பகைவர் கொண்டார்கள், அப்பாவும் இல்லை. ஐந்தே அடி. அந்தப் பாட்டில் அப்பா இறந்தார் என்று ஒரு சொல் இல்லை. ‘இலமே’ என்கிறார்கள், அதாவது அப்பா இல்லாதவர்கள் ஆகிவிட்டோம். அவருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லாமல், தாங்கள் என்ன ஆனோம் என்பதைச் சொல்கிறார்கள்.

இங்கே ஒப்பாரியின் இன்னொரு உண்மை வெளிப்படுகிறது. தென்னார்க்காட்டுப் பக்கத்துக் கிராமங்களில் நெடுநாள் இருந்து ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே, 2005இல் வெளியிட்ட நூலுக்கு ‘இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். பெண்கள் பிணத்தின் முன் அமர்ந்து அழும்போது தங்கள் துயரத்தைத்தான் பாடுகிறார்கள் என்று அவர் கண்டார். தகப்பன் செத்த வீட்டில் மகள் அழுவது, இனி எனக்குப் பிறந்த வீடு இல்லை என்று. நா. வானமாமலை தொகுத்த நாட்டுப் பாடல்களிலும் அண்ணன் வீட்டு வாசலில் மதிப்பிழந்த தங்கை, கணவனோடு சேர்த்துத் தன் நிலையையும் இழந்த மனைவி என்று இந்தக் குரல்கள் பதிவாகியிருக்கின்றன. சிலர் இதைச் சுயநலம் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒருவர் போன பள்ளத்தின் ஆழம் பக்கத்தில் இருப்பவரின் வாழ்க்கையில்தான் தெரியும். ஔவையின் வேல் பாணர் பாத்திரத்தையும் புலவர் நாவையும் துளைத்ததும் இதே காரணத்தால்தான். மற்ற நாளெல்லாம் வாய் திறக்க முடியாத பெண்ணுக்கு, மாமியார், ஓரகத்தி, ஊர்ப்பெரியவர் எல்லாரும் கேட்கும்படி தன் கதையைச் சொல்ல அந்த ஒரு இடம் கிடைத்தது. அன்று அவளை யாரும் அடக்க மாட்டார்கள்.

ஒப்பாரியின் வடிவ அழகையும் காதால் ரசிக்க வேண்டும். ஒப்புச் சொல்லி அழுவதால் ஒப்பாரி என்பார்கள். அதனால்தான் பொன்னும் வெள்ளியும் பவழமும் அதில் நிறைய வரும். குடிசை வீட்டுக்காரிகூடத் தன் அப்பாவைத் தங்கத்தோடும் முத்தோடும் ஒப்பிடுவாள். அது வெறும் மிகை என்று தள்ளிவிடக் கூடாது. பொன்னான ஒப்பு முதல் பாதியில் வந்தால், அடுத்த பாதியில் மிகச் சாதாரணமான ஒன்று வந்து விழும்: ஒரு சொம்பு, ஒரு திண்ணை, ஒரு கிழிந்த சட்டை. உயரத்திலிருந்து இறங்கும் அந்த இறக்கம் ராகத்திலும் இருக்கிறது. அடி மேலே எழும்பித் தொடங்கி, படிப்படியாகக் கீழே வந்து, கடைசி ஏகாரத்தில் மூச்சோடு கரையும். அந்த முடிவை அடுத்தவள் பிடித்துக்கொள்வாள். வட்டமாகத் தோளில் கைபோட்டு ஆடும் அசைவே தாளம். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்கக் கணவரை ‘வாங்க, போங்க’ என்றே கூப்பிட்ட பெண், வந்தவர்களிடம் சொல்லும்போது ‘வருவாரே’ என்பாள். பிணத்தின் பக்கம் திரும்பியதும் ‘வருவியே’ என்று மாறிவிடுவாள். அந்த மாற்றத்தில் எத்தனை வருடத்து மரியாதையும் நெருக்கமும் இருக்கிறதென்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கும்.

ஒப்பாரி பெண்களுடையது என்றால், சென்னையின் மரண கானா வெகுகாலம் ஆண்களுடையது. பிணம் கிடக்கும் இரவில் தூங்காமல் விழித்திருக்கப் பாடுவது. டோலக்கும் சட்டி மேளமும் கைதட்டலும் போதும். வடசென்னையின் உழைக்கும் மக்கள் வளர்த்த இந்தக் கலை அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துச் சாவு வீடுகளிலும் வெகுநாளாகப் புழங்குகிறது. அதன் மையமும் வழக்கங்களின் அடுக்குதான். செத்தவன் பேர், தெரு, எந்த டீக்கடை, எந்த ஸ்டாண்டில் ஆட்டோ, நண்பன் கல்யாணத்தில் எப்படி ஆடுவான் என்று பாட்டுக்காரன் கேட்டுத் தெரிந்துகொண்டு பாட்டில் கோப்பான். கேட்கிற கூட்டம் பாதியில் சிரிக்கும். அந்தச் சிரிப்பு வந்தால்தான் பாட்டு சரியாக அமைந்தது என்று பொருள், ஏனென்றால் ஆள் ஒரு நொடி எழுந்து வந்துவிட்டான். அடுத்த அடியில் வெட்டு விழும். கானாவைச் சினிமாவில் மட்டும் கேட்டவர்களுக்கு இந்த இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்கும் மௌனம் தெரியாது. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் கானாப் பாடகி இசைவாணி இடம்பெற்றபோது, ஆண்களுடையது என்றிருந்த அந்த மேடைக்கு ஒரு பெண்ணின் குரல் வந்து சேர்ந்ததை உலகமே அறிந்தது.

இந்த வழக்கத்தையே தலைகீழாக்கிய ஒரு பெரிய இரங்கற்பாவும் நமக்கு உண்டு. 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். மு. கருணாநிதி தன் கவிதாஞ்சலியை வானொலியில் வாசித்தார். அதன் முடிவில் அவர் அண்ணாவின் இதயத்தை இரவலாகக் கேட்கிறார், தான் வரும்போது மறக்காமல் கொண்டுவந்து காலடியில் திருப்பி வைப்பதாகச் சொல்கிறார். மற்றவர்களின் பாட்டில் உடைந்து போகும் எதிர்காலம் இங்கே உண்மையான எதிர்காலமாக நிற்கிறது. போனவரிடம் கடன் வாங்கினால், ஒருநாள் அவரைப் பார்த்தாக வேண்டும். மீட்க முடியாததை மீட்க முடியும் என்று அவர் வாதிடவில்லை. திருப்பிக் கொடுக்கும் கடமையைத் தன் மேல் ஏற்றிக்கொள்கிறார். 2018 ஆகஸ்டில் அவர் மறைந்து, மெரினாவில் அண்ணாவின் அருகிலேயே அடக்கமானபோது, அந்த வாக்குறுதியை நினைக்காத தமிழர் குறைவு.

இன்று சாவு வீடுகள் மாறிவிட்டன. ஃப்ரீசர் பாக்ஸின் கண்ணாடிக்கு மேல் கை வைத்து அழுவது, முகத்தைத் தொட்டு அழுவதுபோல் ஆகாது. பக்கத்து வீட்டு ஆட்கள் யாரென்றே தெரியாத அடுக்குமாடியில் குரலெடுத்து அழக் கூச்சமாக இருக்கிறது. பதிவு செய்த ஒப்பாரியை ஸ்பீக்கரில் போடுகிறார்கள். அதில் வரும் அப்பா எல்லாருக்கும் பொதுவான அப்பா, அல்வாப் பொட்டலம் வைக்கத் தெரியாதவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கும் மகளுக்கு ராகம் போட்டு அழத் தெரியாது. அது அவள் குற்றம் இல்லை, கற்றுக்கொள்ள இடமே இல்லாமல் போய்விட்டது. நல்ல ஒப்பாரிக்காரிகள் ஒவ்வொருவராகப் போகும்போது அவர்களின் பாட்டும் கூடவே போகிறது, எழுதிவைக்க யாரும் இல்லை. புறநானூற்றிலேயே 267, 268 என்ற இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை. 1894இல் உ.வே. சாமிநாதையர் அச்சிட்டுக் காப்பாற்றாமல் இருந்தால் 235உம் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கக்கூடும்.

ஆனாலும் ராகம் போன இடத்தில் இலக்கணம் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் மகள் மூன்றாம் நாள் அலுவலகத் தோழியிடம் போனில் பேசுவதைக் கேளுங்கள். “லேட்டானா பஸ் ஸ்டாண்ட்லயே வந்து நிப்பாரு தெரியுமா, செல்லுல டார்ச் அடிச்சிக்கிட்டு நிப்பாரு.” மாரடிக்கவில்லை, ஒப்புச் சொல்லவில்லை, ஏகாரத்தை நீட்டவும் இல்லை. ஆனால் அது ஔவை பாடியதன் தொடர்ச்சிதான். வினை அதே வினை, அதே வழக்கம், அதே ஒரு தனி ஆள். இந்த மொழியில் பேசுகிற யாருக்கும் இந்தக் கலை பாதி கைவந்ததுதான்.

அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு வாசகம் கேட்டு அச்சகத்துக்காரர் போன் செய்யும்போது, வீட்டில் யாராவது ஒருவர் இரண்டு நிமிடம் யோசித்து, அவர் தினமும் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். காலையில் தெரு முனை அரச மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார் என்றோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்கக் கையைக் காட்டி லாரியை நிறுத்துவார் என்றோ ஒரு வரி போதும். ‘ஈடுசெய்ய முடியாத’ என்பதைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறவர்கள், அந்த வரியின் முன் நிற்பார்கள். அவரைத் தெரியாதவர்கள்கூட யார் போனது என்று தெரிந்துகொள்வார்கள். போனவருக்கு நாம் செய்யக்கூடிய கடைசி மரியாதை அவரை அவராகச் சொல்வது. அதற்கு வேண்டிய சொல் நம் எல்லார் வாயிலும் இருக்கிறது.